உகந்தையில் வாசிக்கப்படாத பெயர்

இன்று காலை எங்கள் ஒழுங்கையில் நுளம்புக்குப் புகையடித்துக்கொண்டு போனார்கள். முதலில் இயந்திரத்தின் இரைச்சல் வந்தது, பிறகு டீசல் மணம். ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று நினைத்து, நினைத்ததைக் காலுக்குச் சொல்லி, கால் அதைக் கேட்டு நான் எழும்புவதற்குள் புகை அறைக்குள் வந்துவிட்டது. விரல் இளகட்டும் என்று ஒரு கையை வெந்நீர்க் கோப்பைக்குள் வைத்திருந்தேன். மற்றக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே இருந்தேன். அந்த மணத்தோடு நீயும் வந்தாய். உன் வெற்றிலைத் தோட்டத்து வேலிக்குள் நின்றுகொண்டு, அந்தக் காலத்தில் புகையடிக்க வந்தவர்களைப் பார்த்து நீ கேட்டது காதில் விழுந்தது: "தம்பிமார், நுளம்பு என்னைக் கடிச்சு முடிச்சிட்டு. இனி என்னத்துக்கு என்ர கொடியைச் சாவடிக்கிறீங்க?" அன்று அவர்கள் சிரித்துக்கொண்டு அடுத்த வளவுக்குப் போனார்கள்.

நீ போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நீ இருந்த காலத்தில் உனக்கு ஒரு கடிதமும் நான் எழுதியதில்லை. இரண்டு வேலி தள்ளி இருப்பவனுக்கு எழுத என்ன இருக்கிறது? அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக முப்பத்துநான்கு வருடம் மற்றவர்களுடைய விண்ணப்பங்களுக்குப் பதில் எழுதியவன் நான். ஆனால் இதை மூன்று தரம் தொடங்கிக் கிழித்துவிட்டேன். உனக்காக எழுதுகிறேனா, என் மனம் ஆற எழுதுகிறேனா என்ற சந்தேகம் தீரவில்லை. இரண்டாவதாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். உனக்கு வந்த அதே காய்ச்சல் போன மாரியில் எனக்கும் வந்தது. இரத்தம் பார்த்து சிக்குன்குனியா என்றார்கள். ஐந்து நாள் நெருப்பாய் எரிந்தது, நெஞ்சிலும் முதுகிலும் செம்புள்ளி போட்டது, ஆறாம் நாள் விட்டது. முடிந்தது என்று நினைத்துக் கட்டிலால் இறங்கிக் காலை நிலத்தில் வைத்தேன். வைத்த மாதிரியே திரும்ப உட்கார்ந்துவிட்டேன். கணுக்கால் இரண்டும் என்னுடையவை இல்லை. மணிக்கட்டு வீங்கியிருந்தது. விரல்கள் மடியவில்லை. சட்டைப் பொத்தானை மகள்தான் பூட்டிவிட்டாள். எழுபத்தெட்டு வயதில் பொத்தான் பூட்டிவிடக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. உனக்கு அது அறுபதிலேயே வந்துவிட்டது.

கிளினிக்கில் இருந்த டொக்டர் பிள்ளை நல்ல பொறுமைசாலி. கிருமி போய்விட்டது, நோ மட்டும் மூட்டில் தங்கிவிட்டது, மாதக்கணக்கில் இருக்கலாம், சிலருக்கு வருடக்கணக்கிலும் இருக்கலாம் என்றாள். படுத்தே கிடக்க வேண்டாம் என்றும் சொன்னாள். "விடியத்தான் ஐயா கூட இறுக்கமா இருக்கும். மெல்ல மெல்ல நடக்க நடக்க விட்டுக்கொடுக்கும்." நான் தலையாட்டினேன். வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்த பிறகுதான், இதை எங்கேயோ முன்னமே கேட்டிருக்கிறேன் என்று உறைத்தது.

என்னைத்தான் உனக்குத் தெரியுமே. அன்றே ஓர் அப்பியாசக் கொப்பி வாங்கிக் கோடு போட்டேன். எழும்பிய நேரம், விரல் முழுதாய் மடிந்த நேரம், பிடிமானம் இல்லாமல் படியிறங்கிய நேரம், நடந்த தூரம். ஐந்து மாதமாக ஒரு நாள் தவறாமல் எழுதி வருகிறேன். ஆறு மணிக்கு நான் ஒரு மரக்கட்டை. ஏழரைக்கு விரல் அரைவாசி மடிகிறது. ஒன்பது மணிக்கு வாவிக் கரை வரை போய், அங்கே தோணி கட்டியிருக்கும் இடத்தில் சற்று நின்றுவிட்டுத் திரும்பி வருகிறேன். படுத்துக் கிடந்த நாட்களில் பின்னேரம் நோ கூட. நடந்த நாட்களில் குறைவு. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஐந்து மாதமும் அப்படித்தான்.

நீ சொன்னது இதைத்தான். கொப்பியும் கோடும் இல்லாமல் ஒரு வசனத்தில் சொன்னாய்: "விடிய எட்டு மணி மட்டும்தான் மச்சான் நான் கிழவன். மறுகா வந்து பாரு."

உனக்குக் காய்ச்சல் வந்தது சண்டைக் காலத்தில். களுதாவளையிலும் தேற்றாத்தீவிலும் வீடு வீடாக ஆட்கள் கூனிக்கொண்டு நடந்தார்கள். உன் மனைவிக்கும் வந்தது, ஒரு மாதத்தில் போனது. உனக்குப் போகவில்லை. எனக்கு வரவே இல்லை. வராத அந்த ஒரு காரணத்தால் நான் உன் நோவுக்கு நீதவானாகிவிட்டேன். வெற்றிலையை வெயில் ஏறுமுன் கிள்ள வேண்டும், உன் விரலோ வெயில் ஏறிய பிறகுதான் வேலை செய்யும். ஆகவே மனைவி கிள்ள, நீ பத்து மணிக்கு உட்கார்ந்து அடுக்கிக் கட்டினாய். நான் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பேன். காலை நோவை நீ கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாய் என்றும் நினைத்தேன், பகல் நோவைக் கொஞ்சம் மறைக்கிறாய் என்றும் நினைத்தேன். ஒரே ஆளை இரண்டு பக்கமும் சந்தேகிக்க என்னால் முடிந்திருக்கிறது.

காய்ச்சலின் மூன்றாம் நாள், பாயில் கிடந்தபடி நீ முருகனுக்கு நேர்த்தி வைத்தாய். என்னை எழுப்பி நடக்க வை, கதிர்காமத்துக்கு நடந்தே வருகிறேன் என்று. நான் பக்கத்தில் இருந்தேன். சண்டையால் அந்த வருடம் கதிர்காமக் காட்டுப்பாதை மூடிக் கிடந்தது. அடுத்த வருடமும் மூடித்தான் கிடந்தது. பஸ்ஸில் போய்க் கும்பிட்டுவிட்டு வரலாமே என்று பலர் சொன்னார்கள். நானும் சொன்னேன். நீ அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டாய். "கிளாக்கர் ஐயா, நடந்து வாறன் எண்டு எழுதிக் குடுத்த விண்ணப்பத்துக்குப் பஸ் டிக்கட்ட இணைக்கேலுமா?" எழுதிக் கொடுத்தபடி செய்ய வேண்டும் என்பதுதானே என் தொழில்.

பாதை திறந்த பிறகு ஊரிலிருந்து புறப்பட்ட கூட்டத்தில் நாம் இருவரும் இருந்தோம். இருபத்தாறு பேர். வேல் தாங்கிப் போனவர்தான் தலைவர், அவரை வேல்சாமி என்றோம். அந்த வழியில் எல்லாரும் எல்லாருக்கும் சாமிதான். நீயும் என்னைச் சாமி என்று கூப்பிட்டுவிட்டு நாள் முழுக்கச் சிரித்தாய். அரிசிக் கணக்கும் மருந்துப் பையும் பெயர்ப் பட்டியலும் என்னிடம். கல்லாறு, காரைதீவு, திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று கடற்கரையோடு தெற்கே நடந்து பதினோராம் நாள் உகந்தைக்கு வந்தோம். கடலோரத்து மலையில் முருகன் கோயில். அதோடு ஊர் முடிகிறது. அதற்கப்பால் காடு. ஐந்து நாள் நடை, நடுவில் கடை இல்லை, வைத்தியர் இல்லை, நினைத்தால் திரும்பி வரவும் முடியாது.

அந்தப் பதினொரு நாளும் நீ நடந்தாய். நாங்கள் விடியுமுன் புறப்படுவோம். அதுதான் உன் கெட்ட நேரம். எல்லாரும் பொட்டணியைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்க, நீ மரத்தைப் பிடித்து எழும்பி, ஒரு கையால் மற்றக் கையின் விரல்களை ஒவ்வொன்றாய் மடித்து நிமிர்த்துவாய். நான் உன் கணுக்காலுக்குச் சீலை சுற்றுவேன். வேல்சாமி வானத்தைப் பார்ப்பார். பெண்கள் வாய்க்குள் ஏதோ சொல்வார்கள். முதல் இரண்டு மணித்தியாலம் நீ கூட்டத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி. ஆனால் வெயில் ஏற ஏற நீ நெருங்கி வந்தாய். பாணமைக்கு அப்பால் வெட்டை வெளியில், மற்றவர்கள் நிழல் தேடி உட்கார்ந்த நேரத்தில், ஒரு வயோதிப அம்மாவின் பொட்டணியையும் உன் தலையில் ஏற்றிக்கொண்டு எங்களைக் கடந்து போனாய். போகும்போது என்னைப் பார்த்து, "எத்தின மணி சாமி?" என்று கேட்டாய். பத்தே முக்கால் என்றேன். நீ ஏன் மணி கேட்டாய் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. எனக்கு நினைவில் நின்றதெல்லாம் காலையில் மரத்தைப் பிடித்த உன் கைதான்.

உகந்தையில் இரண்டு நாள் தங்கினோம். காட்டு வாசலில் நிற்கும் அதிகாரிகளுக்கு, உள்ளே போகிறவர்களின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும், வாசலில் பெயர் வாசிக்க ஒவ்வொருவராய் உள்ளே போக வேண்டும். முதல் நாள் பின்னேரம் வேல்சாமி என்னைத் தனியே கூப்பிட்டார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். உள்ளே ஆனை நிற்கிறது, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது, ஒருவருக்காக இருபத்தைந்து பேரும் நிற்க ஏலாது என்றார். "நீங்கதான் அவருக்குக் கூட்டாளி. பக்குவமாச் சொல்லுங்க சாமி" என்றார். ஓம் என்றேன்.

அந்தப் பின்னேரம் முழுக்க நீ என் பக்கத்தில் இருந்தாய். இருவரும் பாறையில் உட்கார்ந்து கடலைப் பார்த்தோம். நீ உன் தோட்டத்தைப் பற்றிக் கதைத்தாய், வடக்குப் பக்க வேலியைப் பிரித்துக் கட்ட வேண்டும் என்றாய். சொல்ல வாயெடுத்தேன், மூன்று தரமாவது எடுத்திருப்பேன். ஒவ்வொரு தரமும், சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்றோ, கும்பிட்டு வந்த பிறகு சொல்லலாம் என்றோ ஒரு காரணம் கிடைத்தது. கடைசியில் விளக்கடியில் உட்கார்ந்து பட்டியலைச் சுத்தமாகத் திருப்பி எழுதினேன். இலக்கமிட்டு, அகர வரிசையில். இருபத்தைந்து பெயர்.

வாயால் சொல்ல முடியாததைக் கடதாசி சொல்லட்டும் என்று விட்டேன். கச்சேரியில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். கொடுக்க முடியாது என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம். பட்டியலில் பெயர் இராது, அவர் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். அதை மரியாதை என்று நான் நினைத்திருந்தேன்.

அடுத்த நாள் வாசலில் பெயர்கள் வாசிக்கப்பட்டன. நீ பொட்டணியைத் தலையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, உன் பெயருக்காகக் காத்து நின்றாய். உன் எழுத்து தாண்டிப் போயிற்று. நீ கண்ணைத் திறந்தாய். கடைசிப் பெயரும் முடிந்தது. என்னைப் பார்த்தாய். நான் கடதாசியைப் பார்த்தேன். என் சட்டைப்பையில் பேனை இருந்தது. ஒரு வரி எழுதிச் சேர்க்க ஒரு நிமிடம் போதும், வாசலில் நின்றவர்களும் மறுத்திருக்க மாட்டார்கள். நீ அந்தப் பேனையையும் பார்த்தாய்.

மற்றவர்களுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னாய். "எழுத மறந்திட்டாய் போல மச்சான்."

"ஓம். மறந்திட்டன்" என்றேன்.

"பரவால்ல. நீ போயிற்று வா."

பொட்டணியை இறக்கி, அதிலிருந்த மா உருண்டையையும் கற்கண்டையும் எடுத்து என் பையில் போட்டாய். நான் உள்ளே போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்து நாள் நடந்து கதிர்காமம் போய்த் தீர்த்தமாடிக் கும்பிட்டு வந்தேன். என்ன கும்பிட்டேன் என்று நினைவில்லை. திருநீறு கொண்டுவந்து தந்தபோது நீ அதை வாங்கி நெற்றியில் பூசினாய், மிச்சத்தைக் கணுக்காலில் பூசினாய். உன் நேர்த்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் தேத்தண்ணிக் கடையில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கதை சொன்னாய். கச்சேரியில் ஒரு கால்புள்ளி தவறாதவன் கூட்டாளியின் பெயரை மறந்த கதை. ஆட்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒவ்வொரு தரம் நீ அதைச் சொல்லும்போதும் என்னைக் காப்பாற்றுகிறாயா, குத்துகிறாயா என்று பார்ப்பேன். உன் முகத்தில் ஒன்றும் தெரியாது. அடுத்த வருடம் கூட்டம் புறப்பட்டபோது நீ வருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாம் வருடம் நெஞ்சு நின்று நீ போய்விட்டாய். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று உன் மனைவி எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, "மறதிக்கு ஆர் என்ன செய்யிற அண்ணன், அத மனசில வைக்காதங்க" என்றாள். அவளிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

இப்போது என் மூட்டுகள் எனக்குச் சாட்சி சொல்கின்றன. நீ நடந்திருப்பாய். காலையில் இரண்டு மணித்தியாலம் பிந்திப் புறப்பட்டிருந்தால், நான் மட்டும் உன்னோடு பின்னால் நின்றிருந்தால், நடந்திருப்பாய். கொப்பியைப் பார்க்கும்போது இப்படித் தோன்றுகிறது. கொப்பியை மூடினால் மற்றப் பக்கமும் தோன்றுகிறது. வாவிக் கரை வரை போவது வேறு, காடு வேறு. ஆனை நின்றிருந்தால்? தண்ணீர் இல்லாமல் போயிருந்தால்? வேல்சாமி சொன்னது பொய்யில்லையே. உன்னை நான் காப்பாற்றியிருக்கவும் கூடும். நடுச்சாமத்தில் அல்ல, பட்டப்பகலிலேயே இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்து எழும்ப முடியாமல் கிடக்கிறேன்.

போன கிழமை வேல்சாமியின் மருமகன் வந்தார். இப்போது அவர்தான் கூட்டத்துக்குத் தலைவர். என்னால் இனிக் கதிர்காமத்துக்கு நடக்க முடியாது, ஆனாலும் பட்டியலை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். பாக்கியம். தேற்றாத்தீவுச் சந்தியில் மரக்கறி விற்கிறவள், அறுபது கடந்தவள். அவளுக்கும் போன மாரியில் அதே காய்ச்சல், அதே கணுக்கால். கட்டாரில் இருக்கும் மகன் தொலைபேசியில் அழுதானாம், அம்மாவை விடவேண்டாம் என்று. "நீங்க பேர எழுதாம விடுங்க ஐயா. மறுகா நான் பாத்துக்கிறன்" என்று மெதுவாகச் சொன்னார். அவரும் நல்ல மனிதர்தான்.

நான் எழுதவும் இல்லை, விடவும் இல்லை. பட்டியலை இரண்டு நாள் தாருங்கள் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் ஒன்பதரைக்கு, கால் இளகிய பிறகு, சந்திக்கு நடந்தேன். பாக்கியம் ஒரு சாக்கில் உட்கார்ந்து, காலை நீட்டியபடி வெண்டிக்காய்க்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். என் நடையைப் பார்த்துவிட்டு, "வாங்க ஐயா, நம்மட கட்சியில நீங்களும் சேந்திட்டீங்க" என்றாள். அவளைப் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெண்டிக்காயைப் பார்த்துத்தான் கேட்டேன். எழுதவா, விடவா, நீ சொல்லு பிள்ளை என்றேன்.

அவள் தெளிப்பதை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கணுக்காலை உருவிக்கொண்டு இருந்தாள்.

"எல்லாரும் போகாத எண்டுதான் சொல்லிற. போறியா எண்டு ஒருத்தரும் கேக்கல்ல ஐயா." பிறகு சொன்னாள்: "உகந்த மட்டும் நடந்து வாறன். அங்க முருகனிட்டச் சொல்லிப்போட்டுக் கிறுகி வந்திருவன். காட்டுக்கு எனக்கு ஏலா."

பெயருக்கு நேரே 'உகந்தை வரை' என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். மகனுக்குத் தானே சொல்வதாகச் சொல்லிவிட்டு, எனக்கு அரைக் கிலோ வெண்டிக்காய் நிறுத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு மதிலில் உட்கார்ந்துவிட்டேன். உகந்தை வரைக்கும் நீயும்தான் நடந்தாய். அவள் நடக்கப் போவதும் அதே தூரம், அதே பாறை, அதே முருகன். அவள் அங்கே போய்ச் சேருவாள், கும்பிடுவாள், நேர்த்தியை ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வருவாள். நீ அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டாய். அந்தப் பின்னேரம் பாறையில் வைத்து, ஏலுமா மச்சான் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நீ காட்டுக்குள் போயிருக்கலாம். அல்லது உன் கணுக்காலைப் பார்த்துவிட்டு, எனக்கு ஏலா, உகந்தையோடு என் நேர்த்தி முடிந்தது என்று நீயே சொல்லியிருக்கலாம். இத்தனை வருடமும் உன் நடையைத்தான் உன்னிடமிருந்து பறித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பறித்தது உன் பதிலை.

நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. அறுபது வருடம் பழகியும் தெரியவில்லை. மூட்டு நோ ஒரு நாள் போகலாம் என்று டொக்டர் பிள்ளை சொல்கிறாள். இது போகாது.